குளச்சல் பூனையும் உருமாறிய கொரோனாவும்: ஒரு நிகழ்வு ஆய்வு

2023 ஜூன் இரண்டாம் வாரம். மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் தொடங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது. தக்கலையில் நான் நடத்தும் சிறிய கால்நடை கிளினிக்குக்குக் குளச்சலிலிருந்து ஒரு தாயும் மகளும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். தாயின் இடுப்பில் மீன் கூடை. கூடைக்குள் பழைய சேலைத் துணி, துணிக்குள் ஒரு பூனை.

பூனையின் பெயர் சாளை. வெள்ளியும் சாம்பலும் கலந்த மேனி என்பதால் மீனின் பெயரையே வைத்துவிட்டார்கள். ஒன்பது மாத ஆண், நாட்டுப்பூனை. வீட்டில் அதோடு சேர்த்து ஏழு பூனைகள்.

"தடைக்காலம் மக்களே, வீட்டில் மீன் இல்லை. அதனால்தான் இப்படி மெலிந்துவிட்டது" என்றார் தாய்.

முதுகைத் தடவினால் எலும்பு ஒவ்வொன்றும் விரலில் தட்டியது. வயிறு மட்டும் பானைபோல் உப்பியிருந்தது. எடை 2.1 கிலோ, அதிலும் கணிசமான பங்கு வயிற்றுக்குள் நின்ற நீர். காய்ச்சல் 104.2 டிகிரி. ஈறுகளில் லேசான மஞ்சள். பன்னிரண்டு நாளாகக் காய்ச்சல் விடவில்லை. வேறோர் இடத்தில் ஆன்டிபயாடிக் ஊசி போட்டிருந்தார்கள். வயிறு பெருத்திருக்கிறதே என்று பூச்சி மருந்தும் கொடுத்திருந்தார்கள். இரண்டுக்கும் நோய் அசையவில்லை.

இளம்பூனை, பல பூனைகள் உள்ள வீடு, மருந்துக்கு அடங்காத காய்ச்சல், நீர் கோத்த வயிறு. இந்த நான்கும் சேர்ந்து வந்தால் எந்தக் கால்நடை மருத்துவருக்கும் முதலில் மனத்தில் எழும் பெயர் எஃப்ஐபி. பூனைகளின் தொற்று வயிற்றறை அழற்சி. 1963இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஜீன் ஹோல்ஸ்வொர்த் என்ற மருத்துவர் முதன்முதலில் விவரித்த நோய். அதற்குக் காரணமான வைரஸ் கொரோனா குடும்பத்தைச் சேர்ந்தது.

ஊசியை வயிற்றில் செலுத்தி நீரை எடுத்தேன். தேன் நிறம், தெளிவு, பிசுபிசுப்பு. கையுறை விரல் இரண்டுக்கு நடுவே இழுத்தால் நூலாக நீண்டது. ரிவால்டா சோதனை என்று பழைய, செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. கண்ணாடிக் குழாயில் எட்டு மில்லி வாலை வடிநீர், அதில் ஒரு சொட்டு அடர் அசெட்டிக் அமிலம், கலக்கியபின் அதன் மேற்பரப்பில் வயிற்று நீர் ஒரு சொட்டு. புரதம் குறைந்த நீரென்றால் சொட்டு கரைந்து மறைந்துவிடும். சாளையின் சொட்டு கரையவில்லை. வெண்மையாகத் திரண்டு, கீழே வால்போல் இழைகள் தொங்க, மெதுவாக மிதந்து இறங்கியது.

தாய் குழாய்க்கு அருகே குனிந்து பார்த்தார். "சொறி மாதிரி இருக்கிறதே!" என்றார். வலையில் ஏறிக் கையை அரிக்கும் சொறிமீனை, ஜெல்லி மீனைத்தான் சொன்னார். பாடப்புத்தகமும் அதே உவமையைத்தான் சொல்கிறது. நான் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் பார்த்தவுடனே சொல்லிவிட்டார்.

இந்தச் சோதனை 'இல்லை' என்று சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். 'ஆம்' என்றால் மேலும் தேட வேண்டும். பாக்டீரியா தொற்றும் புற்றுநோயும்கூட இதே சொறியைக் காட்டக்கூடும். ஆகவே இரத்தம் எடுத்தேன். 100 மில்லிக்கு மொத்தப் புரதம் 9 கிராம், அதில் அல்புமின் என்னும் புரதம் 2, குளோபுலின் என்னும் புரதம் 7. அல்புமினுக்கும் குளோபுலினுக்கும் உள்ள விகிதம் 0.3க்கும் கீழே. 0.4க்குக் கீழே போனாலே எஃப்ஐபி என்ற சந்தேகம் வலுக்கும், 0.8க்கு மேல் என்றால் அனேகமாக இல்லை. வயிற்று நீரைப் பிசிஆர் சோதனைக்கு அனுப்பினேன். நான்கு நாளில் பூனைக் கொரோனா வைரஸ் உறுதியானது.

மகள் செவிலியர் படிப்பில் கடைசி ஆண்டு. முடிவைச் சொன்னதும் முகம் மாறியது. 2021 மே மாதம் அவளுடைய அப்பா கோவிட் வந்து ஆசாரிபள்ளம் மருத்துவமனையில் ஆக்சிஜனோடு பதினொரு நாள் இருந்தவர். பிறகு தடுப்பூசி இரண்டு தவணையும் போட்டுக்கொண்டார். 2022 ஜனவரியில் மறுபடியும் வந்தது, இம்முறை வீடு முழுவதற்கும்.

"சார், எங்களிடமிருந்துதான் இதற்கு வந்ததா? ஊசி போட்டும் எங்களுக்கு வந்ததே, உருமாறியதால்தானே? இதுவும் உருமாறியதா?"

மூன்று கேள்விகள். முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லலாம்: இல்லை. இது கொரோனா குடும்பத்தில் பூனைகளுக்கே உரிய ஆல்ஃபா பிரிவு வைரஸ். நமக்கு வந்தது பீட்டா பிரிவு. மனிதரின் கோவிட் பூனைக்குத் தொற்றுவதுண்டு. தாய்லாந்தில் 2021இல் மாதிரி எடுக்கும்போது பூனை முகத்தில் தும்மி, ஒரு கால்நடை மருத்துவருக்குக் கோவிட் வந்ததும் பதிவாகியிருக்கிறது. ஆனால் சாளையின் வயிற்றில் நீர் கோத்தது அதனால் இல்லை.

மற்ற இரண்டு கேள்விகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். 'உருமாறிய கொரோனா' என்று செய்தித்தாள்கள் எழுதி எழுதி, உருமாற்றம் என்றால் ஒரே ஒரு பொருள்தான், வைரஸ் வேடம் மாற்றித் தடுப்பூசியை ஏமாற்றுகிறது என்று எல்லார் மனத்திலும் பதிந்துவிட்டது. சாளையின் உடலில் நடந்தது வேறு.

குடலிலிருந்து இரத்தத்துக்கு

பல பூனைகள் உள்ள வீட்டில் பூனைக் கொரோனா இல்லாதிருந்தால்தான் ஆச்சரியம். மலம் வழியே பரவும். குடலின் உட்சுவர் உயிரணுக்களில் தங்கி, இரண்டு நாள் வயிற்றுப்போக்கோடு அல்லது அதுவும் இல்லாமல் போய்விடும். குளச்சல் வீட்டை விசாரித்தபோது காரணம் புரிந்தது. வீட்டு வேலைக்காக இறக்கி, பணமில்லாமல் நின்றுபோன மணல் குவியல் ஒன்று பக்கவாட்டில் கிடந்தது. ஏழு பூனைகளுக்கும் அதுதான் கழிப்பிடம்.

தொற்று ஏற்படும் பூனைகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான் எஃப்ஐபிக்குப் போகும். அந்தச் சிலவற்றின் உடலுக்குள் வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது பிழைகள் விழுகின்றன. கொரோனா வைரஸின் மரபுத்தொகுதி ஏறத்தாழ 30,000 எழுத்து நீளம். பிழை திருத்தும் நொதி ஒன்று அதனிடமே இருந்தாலும் பிழை முழுவதும் நிற்பதில்லை. பெரும்பாலான பிழைகளால் ஒன்றும் ஆகாது. வைரஸின் மேற்பரப்பில் முள்போல் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதத்தின் சில இடங்களில் மாறும்போது மட்டும் கதை திரும்புகிறது. அதன் 1058ஆம் இடத்தில் மெத்தியோனின் என்னும் அமினோ அமிலம் போய் லூசின் வந்திருப்பதை 2012இல் எஃப்ஐபி வைரஸ்களில் மிகப் பெரும்பான்மையில் கண்டார்கள். அந்த மாற்றம் குடலைவிட்டு உடலெங்கும் பரவியதன் அடையாளமே தவிர, அது மட்டுமே நோயைத் தருவதில்லை என்று பிற்பாடு தெரிந்தது. 3சி என்னும் மரபணு பல எஃப்ஐபி வைரஸ்களில் சிதைந்திருக்கிறது. குடலில் வாழ அந்த மரபணு தேவை. வைரஸ் குடலைவிட்டுப் போன பிறகு அதைக் காப்பாற்றி வைக்கக் காரணமில்லை.

போகும் இடம்தான் இதில் விபரீதம். மோனோசைட், மேக்ரோபேஜ் என்னும் அணுக்கள் நோயெதிர்ப்புப் படையின் துப்புரவுக்காரர்கள். கிருமியை விழுங்கிச் செரிப்பது அவர்கள் வேலை. மாறிய வைரஸ் அவர்களுக்குள்ளேயே பெருகக் கற்றுக்கொள்கிறது. அந்த அணுக்கள் நுண்சிரைகளின் சுவரில் போய் ஒட்டி, அழற்சியைக் கிளப்பி, சுவரைக் கசியவிடுகின்றன. அல்புமினும் நீரும் வயிற்றறைக்குள் இறங்குகின்றன. நான் ஊசியில் இழுத்த தேன் நிற நீர் அதுதான்.

7 கிராம் குளோபுலின் என்று எழுதினேனே, அதைப் பார்த்து ஒரு நிமிடம் நிற்க வேண்டும். குளோபுலினில் பெரும்பங்கு, கிருமியைப் பற்றி முடக்கும் ஆன்டிபாடி. அப்படியானால் சாளையின் உடல் சும்மா இருக்கவில்லை. கட்டுக்கடங்காமல் ஆன்டிபாடி செய்து தள்ளியிருக்கிறது. அணுக்களுக்குள் ஒளிந்திருக்கும் வைரஸை ஆன்டிபாடி தொடாது. அந்த அணுவையே கொல்லும் டி செல்கள்தாம் அங்கே வேண்டும். டி செல் எதிர்ப்பு வலுவாக எழும் பூனை வைரஸை ஒழித்துவிட்டு வழக்கம்போல் மதில் ஏறப் போய்விடும். எழாத பூனைக்கு வயிற்றில் நீர் கோக்கும். நடுத்தரமாக எழுந்தால் நீரில்லாத வகை எஃப்ஐபி வந்து கண், மூளை, சிறுநீரகம் என்று கட்டிகள் தோன்றும்.

"அப்படியென்றால் பூனைக்கும் தடுப்பூசி போட வேண்டியதுதானே?" என்று தாய் கேட்டார். நியாயமான கேள்வி. 1990இல் ஸ்பைக் புரதத்தைக் கொண்டு செய்த ஒரு தடுப்பூசியைப் பூனைக்குட்டிகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். பிறகு வைரஸைக் கொடுத்தபோது, ஊசி போடாத குட்டிகளைவிட ஊசி போட்டவை சீக்கிரம் இறந்தன. ஆன்டிபாடி ஒட்டிய வைரஸை மேக்ரோபேஜ் இன்னும் ஆவலோடு உள்ளே இழுத்துக்கொண்டது. வீட்டில் இயற்கையாக வரும் நோயில் இது எவ்வளவு நடக்கிறது என்பதில் இன்றும் வாதம் உண்டு. 1991இல் அமெரிக்காவில் மூக்கில் விடும் தடுப்பு மருந்து ஒன்று வந்தது, பெரிதாக எடுபடவில்லை. 2020இல் கோவிட் தடுப்பூசி ஆய்வு தொடங்கியபோது நிபுணர்கள் பலர் இந்தப் பூனைக்குட்டிகளையும் நினைத்துக் கவலைப்பட்டார்கள். நல்லவேளையாக மனிதரில் அப்படி நடக்கவில்லை.

கோழிக்கு நடந்ததுதான் அப்பாவுக்கும் நடந்தது

நாமக்கல்லில் படித்த நாட்களில் முட்டைக்கோழிப் பண்ணை ஒன்றுக்கு எங்களை அழைத்துப் போனார்கள். அட்டையில் அடுக்கியிருந்த முட்டைகளின் ஓடு சுருங்கி, வரிவரியாக இருந்தது. ஒன்றை உடைத்தார் பேராசிரியர். வெள்ளைக்கரு தண்ணீராக ஓடிற்று. பண்ணைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு, "ஊசி ஒன்றுகூட விடவில்லையே சார்" என்றார். தொற்று மூச்சுக்குழல் அழற்சி. 1931இல் அமெரிக்காவின் வட டகோட்டாவில் கோழிக்குஞ்சுகளில் விவரிக்கப்பட்ட அந்த நோய்க்கும் காரணம் கொரோனா வைரஸ்தான், காமா பிரிவு. கொரோனா என்ற பெயரே பிறக்காத காலம் அது.

மாசசூசெட்ஸ் வகைக்கு எதிராகப் பாதுகாப்புப் பெற்ற கோழியைக் கனெக்டிகட் வகை தாக்கும் என்பது 1950களிலேயே தெரிந்துவிட்டது. 1990களின் தொடக்கத்தில் பிரிட்டனில் தடுப்பூசி போட்ட பண்ணைகளுக்குள்ளேயே 793பி என்னும் புதிய வகை புகுந்தது. ஸ்பைக்கின் முன்பாதியில் நூற்றுக்கு இரண்டு மூன்று அமினோ அமிலம் மாறினாலே பழைய ஆன்டிபாடிக்கு அடையாளம் தெரியாமல் போய்விடலாம். கோழிப்பண்ணைக்காரர்கள் இதற்கு ஒரு வழியும் கண்டார்கள். ஒன்றுக்கொன்று தூரமான இரண்டு வகைத் தடுப்பூசிகளைச் சேர்த்துப் போட்டால், இரண்டிலும் சேராத மூன்றாவது வகையையும் ஓரளவு தடுக்கிறது. கோவிட் காலத்தில் தொலைக்காட்சியில் இதைப் புதுக் கண்டுபிடிப்புபோல் பேசியபோது எங்கள் வகுப்புத் தோழர்கள் குழுவில் சிரித்துக்கொண்டோம். கொஞ்சம் கர்வச் சிரிப்புதான்.

மகளுடைய அப்பாவுக்கு 2022 ஜனவரியில் நடந்ததும் இந்தக் கோழிக் கணக்குதான். 2021 மே மாதம் இந்தியாவில் ஆடியது டெல்டா. 2021 நவம்பர் 26 அன்று உலக சுகாதார நிறுவனம் ஒமைக்ரான் என்று பெயர் வைத்த வகையின் ஸ்பைக்கில் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள். அவற்றில் ஏறத்தாழ பாதி, நம் அணுவின் ஏஸ்-2 பூட்டில் சாவியாகப் பொருந்தும் சிறு பகுதியில். வலிமையான ஆன்டிபாடிகள் பெரும்பாலும் பற்றும் இடமும் அதுவே. ஆகவே தொற்றைத் தடுக்கும் ஆன்டிபாடியின் பிடி நழுவியது. டி செல் பார்க்கும் முறை வேறு. அது புரதத்தை முழு உருவமாகப் பார்ப்பதில்லை, துண்டு துண்டாக நறுக்கிக் காட்டும்போது பார்க்கிறது. முப்பது இடம் மாறினாலும் மற்றத் துண்டுகள் அப்படியேதான் இருக்கும். டி செல் எதிர்வினையில் நூற்றுக்கு எழுபது எண்பது பங்கு ஒமைக்ரானையும் அடையாளம் கண்டது என்று ஆய்வுகள் காட்டின. அப்பாவுக்கு இரண்டாம் முறை மூன்று நாள் காய்ச்சலோடு முடிந்ததில் அதற்குப் பங்கு உண்டு.

"ஆக, பூனைக்கு எது இல்லையோ அது அப்பாவுக்கு இருந்தது" என்றாள் மகள். ஒரு வரியில் இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

உருமாற்றம் மட்டுமே குற்றவாளி என்றும் சொல்லக்கூடாது. கொரோனாவுக்கு எதிரான ஆன்டிபாடி தானாகவும் தேயும். சளி தரும் 229இ என்னும் பழைய மனிதக் கொரோனாவைத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்து, ஓராண்டு கழித்து அதே வைரஸை மீண்டும் கொடுத்தபோது பலருக்குத் தொற்று வந்தது, சளி வரவில்லை. அங்கே வைரஸ் ஓரெழுத்தும் மாறவில்லை.

எண்ணிக்கை ஏமாற்றும்

பிறகு வந்த வாரங்களில் மகள் நிறையக் கேட்டாள். சாளையின் சிகிச்சைக்காகப் பார்க்கும் நேரம்தான் எங்களுக்குப் பேச்சு நேரம். டென்மார்க்கில் 2020 நவம்பரில் மிங்க் என்னும் நீர்நாயின் உறவுக்கார விலங்குகளை, ஏறத்தாழ 1.7 கோடி, அரசே கொல்லச் சொன்னது ஏன் என்று ஒருநாள் கேட்டாள். மனிதரிடமிருந்து பண்ணைக்குப் போன வைரஸ், மிங்க் உடலின் ஏஸ்-2 பூட்டுக்கு ஏற்ப ஸ்பைக்கின் 453ஆம் இடத்தை மாற்றிக்கொண்டு மனிதரிடம் திரும்பி வந்தது. ஒரு வகையில் ஆன்டிபாடியின் பிடி சற்றுக் குறைந்ததாக முதற்கட்டச் சோதனை காட்டியதும் அரசு பயந்துவிட்டது. அந்த மிங்க் எதுவும் தடுப்பூசி போட்டுக்கொண்டதில்லை. புதிய வீட்டுக்குப் பொருந்தச் செய்துகொண்ட மாற்றம், தற்செயலாக நம் ஆன்டிபாடிமேலும் கொஞ்சம் உரசியது.

கனடாவின் ஒன்டாரியோவில் வெள்ளைவால் மான்களிடம் 2021இல் எடுத்த வைரஸில் 76 மாற்றங்கள் இருந்தன. ஒமைக்ரானைப்போல் பெரிய எண். தடுப்பூசி போட்ட மனிதரின் ஆன்டிபாடியோ அதை நன்றாகவே முடக்கியது. நம் எதிர்ப்பாற்றலை எதிர்கொள்ளாத இடத்தில் திரண்ட மாற்றங்களுக்கு நம் எதிர்ப்பாற்றலிலிருந்து தப்ப வேண்டிய நெருக்கடி ஏது? 2021 ஜூனில் வண்டலூர் உயிரியல் பூங்காவில் பதினொரு சிங்கங்களில் ஒன்பதுக்குத் தொற்று ஏற்பட்டு, முதலில் ஒரு பெண் சிங்கமும் பிறகு ஓர் ஆண் சிங்கமும் இறந்தன. அங்கிருந்தது அப்போது மனிதரிடம் ஓடிக்கொண்டிருந்த அதே டெல்டாதான். அதைச் சிங்கக் கொரோனா என்று எழுதியவர்களை என்ன சொல்வது.

ஒமைக்ரான் எங்கே பிறந்தது என்பதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று, எதிர்ப்பாற்றல் குன்றிய ஒருவரின் உடலில் மாதக்கணக்கில் தங்கிய தொற்று. சாளையின் உடலில் நடந்ததும் ஒற்றை உடலுக்குள் நடந்த மாற்றம்தான். வேறுபாடு, பூனையில் மாறிய வைரஸ் குடலைத் துறந்துவிடுவதால் வழக்கமாக மலத்தில் வெளியேறாது, அடுத்த பூனைக்குத் தாவாது, அந்தப் பூனையோடு முடிந்துவிடும். வழக்கமாக என்று எழுதியதற்குக் காரணம் சைப்ரஸ். 2023இல், நாங்கள் சாளைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த அதே மாதங்களில், அந்தத் தீவில் பூனைகள் கூட்டமாக எஃப்ஐபியில் மடிந்தன. நாய்க் கொரோனாவின் ஸ்பைக்கில் பெரும்பங்கை அப்படியே எடுத்துப் பொருத்திக்கொண்ட வைரஸ் அது. பூனையிலிருந்து பூனைக்கு நேராகப் பரவியது.

எண்பத்து நான்கு ஊசிகள்

மருந்தின் பெயரைச் சொன்னபோது தாய் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரெம்டெசிவிர். 2021இல் சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு குப்பிக்காக மக்கள் இரவும் பகலும் வரிசையில் நின்ற அதே மருந்து. "இவள் அப்பாவுக்குப் போட்டதைப் பூனைக்கா?" என்றார்.

உண்மையில் பூனைக்குத்தான் அது இன்னும் பொருத்தம். ரெம்டெசிவிர் உடலுக்குள் போய் ஜிஎஸ்-441524 என்னும் மூலக்கூறாக மாறுகிறது. கலிபோர்னியாவின் டேவிஸில் நீல்ஸ் பெடர்சன் குழு அந்த மூலக்கூறை எஃப்ஐபி கண்ட 31 பூனைகளுக்குக் கொடுத்து, 26 பூனைகள் பன்னிரண்டு வார சிகிச்சையை நிறைவு செய்ததை 2019இல், கோவிட் வருவதற்கு முன்பே, வெளியிட்டது. அதுவரை எஃப்ஐபி என்றால் மரணம் என்றே நாங்கள் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். இந்த மருந்து வைரஸின் படியெடுக்கும் நொதியில் போய்ச் சிக்குகிறது. எதிர்ப்பாற்றலின் கண்ணில் படும் ஸ்பைக்தான் ஓயாமல் மாறும். உள்ளே இருக்கும் படியெடுக்கும் இயந்திரம் குடும்பம் முழுவதற்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே அப்பாவின் தடுப்பூசி சாளைக்கு உதவாது, அப்பாவின் மருந்து உதவும். அப்பாவுக்கு அது பெரிதாக உதவியதா என்பது வேறு பேச்சு. ஆக்சிஜன் தேவைப்படும் கட்டத்தில் மனிதரின் உடலில் வைரஸ் தணிந்து அழற்சி மேலோங்கியிருக்கும். பூனையில் கடைசிவரை வைரஸ் மேக்ரோபேஜுக்குள் பெருகிக்கொண்டே இருக்கும்.

100 மில்லிகிராம் குப்பி ஒன்று முதலில் மூன்று நாளுக்கு வந்தது. முதல் வாரம் நான் போட்டேன். பிறகு மகளே போட்டாள், வகுப்புக்குப் போகுமுன் காலை ஆறு மணிக்கு. தோலுக்கடியில் மருந்து எரியும். தாய் துணியில் சுற்றிப் பிடிக்க, சாளை கத்த, பக்கத்து வீட்டில் விளக்கு எரியும் என்று சொல்லிச் சிரித்தாள். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. இரண்டு வாரத்தில் வயிறு ஒட்டியது. ஐந்தாம் வாரம் ஊசி போட்ட இடத்தில் புண் வந்து, பக்கம் மாற்றிப் போட்டோம். எடை ஏற ஏற அளவும் ஏறியது, ஒரு குப்பி இரண்டு நாளுக்கே வந்தது. ஆகஸ்ட்டில் படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கியதும் பணம் கொஞ்சம் இலகுவானது. எண்பத்து நான்காம் ஊசி செப்டம்பர் முதல் வாரத்தில்.

நிறுத்தியபின் இன்னும் பன்னிரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். நோய் திரும்பினால் பெரும்பாலும் அதற்குள் திரும்பும். நவம்பர் இறுதியில் வந்தபோது எடை 3.4 கிலோ, விகிதம் 0.9, காய்ச்சல் இல்லை. என் மேசைமேல் ஏறி ரசீதுப் புத்தகத்தின்மேல் படுத்துக்கொண்டது.

அன்று ஒரு மலச் சோதனையும் அனுப்பினேன். அதில் பூனைக் கொரோனா இருந்தது.

மகள் தாளைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றாள். பழைய நோய் திரும்பவில்லை என்று விளக்கினேன். கூட இருக்கும் பூனைகளிடமிருந்து குடல் வைரஸ் மறுபடி ஒட்டியிருக்கிறது. அவ்வளவு ஆன்டிபாடி செய்த உடல் குடலின் வாசலில் காவல் வைக்கவில்லை. மலத்தில் வைரஸ் வந்தாலும் உடம்பு நன்றாக இருக்கும் பூனைக்கு மருந்து வேண்டாம், எண்ணிக்கையைக் குறையுங்கள், மணலை அப்புறப்படுத்துங்கள் என்றேன்.

மணலைப் பக்கத்துக் கோயில் மதில் வேலைக்குக் கொடுத்துவிட்டார்கள். பழைய தெர்மோகோல் மீன் பெட்டிகள் நான்கை அறுத்து, மண் நிரப்பி, தனித்தனி மூலையில் வைத்தார்கள். இரண்டு பெண் பூனைகளுக்குக் கருத்தடை செய்தேன். இரண்டை மணவாளக்குறிச்சியில் உறவினர் வீட்டுக்குக் கொடுத்து, வீட்டில் ஐந்தாக நிறுத்தினார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் தாய் மட்டும் வந்தார், மீன் கூடையோடு. உள்ளே கண் திறக்காத குட்டி ஒன்று.

"படகுத்துறையில் கிடந்தது மக்களே. விட்டுவிட்டு வர மனம் வரவில்லை."